நாலாயிரத்து ஐந்நூறு மைலும் ஒரு வாரியலும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வீடு பெருக்காமல் உட்கார்ந்திருக்க எனக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்தது. அந்தக் காரணத்திலிருந்துதான் வந்தது.

துறைமுக அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு தள்ளிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்ற மறுநாளே என் மனைவி ஜீவமணி வீடு பெருக்குகிற பொறுப்பை என் தலையில் கட்டினாள். அன்றிலிருந்து ஒருநாள் தவறியதில்லை. லண்டனுக்குப் படிக்கப் போகிற எங்கள் மகளை நேற்று மாலை தூத்துக்குடியில் ரயிலேற்றிவிட்டோம். இன்று காலை அவள் சென்னையில் லண்டன் விமானம் ஏறிவிட்டாள். வழக்கம்போல வாரியலைத் தேடினேன், காணோம். ஜீவமணி அதைப் பரணில் தூக்கிப் போட்டிருந்தாள்.

“அவ போய்ச் சேருத வரைக்கும் வாரியலைத் தொடக் கூடாது” என்றாள்.

வெளியூர்க்காரர்களுக்காக இதைச் சொல்லிவிட வேண்டும். வீட்டிலிருந்து ஒருவர் பயணம் கிளம்பினால், அவர் போய்ச் சேருகிறவரை வீட்டைப் பெருக்கக் கூடாது. பெருக்கினால் போனவரையே பெருக்கித் தள்ளிய மாதிரி. திருநெல்வேலிக்குப் போனவர் என்றால் ஒரு மணி நேரத்தில் தொல்லை விட்டது. தோணியில் கொழும்புக்குப் போனவர் என்றால் காற்று மனசு வைக்க வேண்டும். விமானம் என்றால்?

என் கைபேசியில் உலகப்படத்தின் மேல் ஒரு குட்டி விமானம் ஊர்ந்துகொண்டிருக்கிறது. சென்னையிலிருந்து லண்டன் எட்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர், பதினொரு மணி நேரம் என்று கீழே எழுதியிருக்கிறது. அதாவது பதினொரு மணி நேரம் எனக்கு விடுமுறை.

“இந்தப் போன் இல்லாத காலத்துல என்ன பண்ணியிருப்பாவ?” என்று கேட்டேன்.

“அதை எழுதுங்களேன். சும்மாதான இருக்கீய” என்றாள்.

எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: “1946ஆம் வருடம். தூத்துக்குடிக் கடற்கரையில், சிப்பிக்குள்ளிருந்து எடுத்த முத்தைப் போலச் சூரியன் —”

நிறுத்திவிட்டேன். தூத்துக்குடி என்று எழுதினாலே பேனா தானாக முத்துக்குப் போய்விடுகிறது. அந்த வருடங்களில் கடலில் சிப்பி போதவில்லை, முத்துக்குளிப்பே நடக்கவில்லை. என் கதையில் வருகிற பொருள் நிலாவரை இலை. நம் பக்கத்துக் கரிசலில் விளைகிற, காயவைத்துக் கஷாயம் போட்டுக் குடித்தால் வயிற்றைச் சுத்தமாகக் கழியவைக்கிற அதே இலைதான். வெள்ளைக்காரனுக்கு அது இல்லாமல் காலைப்பொழுது விடியாது என்பதால் தூத்துக்குடியிலிருந்து மூட்டை மூட்டையாக லண்டனுக்குக் கப்பலேறும். முத்து எழுதுகிறவர்கள் முத்து எழுதட்டும். எனக்கு வாய்த்தது பேதி இலை.

இரண்டாம் தொடக்கம்: “1947 ஆகஸ்டு மாதம் —”

வேண்டாம். அந்த மாதத்தில் ஏற்கெனவே ஏகப்பட்ட கதைகள் தொடங்கியிருக்கின்றன. வாரியல் வைக்க இடம் கிடைக்காது.

மூன்றாம் தொடக்கம்: 1949, ஆனி மாதம். இது சரிப்படும். பம்பாயிலிருந்து லண்டனுக்கு நம் நாட்டு விமானம் பறக்கத் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆனியில் எங்கள் ஊரில் மேல்காற்று வீசும். கச்சான் என்பார்கள். வீட்டுக்குள் குப்பை கொண்டுவந்து சேர்ப்பதில் அதற்கு இணை கிடையாது. விமானம், காற்று இரண்டுமே எனக்குத் தேவை.

3

நிலாவரை ஏற்றுமதி செய்கிற அய்யாக்குட்டிக்கு லண்டன் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. போன தடவை வந்த மூட்டைகளில் இலையைவிடக் குச்சி அதிகம், இரண்டு வாரத்துக்குள் நேரில் வந்து விளக்கம் சொல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தார்கள். கப்பலில் போனால் மூன்று வாரம். ஆகவே, உடன்குடிக்கு மாட்டுவண்டியில் போனாலே தலைசுற்றுகிற அய்யாக்குட்டி விமானத்துக்குச் சீட்டு எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ரயில். பம்பாயில் விமானம் வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு. வாசலில் நின்று மனைவி சீனித்தாயிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்:

“லண்டன்ல இறங்குனதும் தந்தி அடிக்கேன்.”

“சரி” என்றாள் சீனித்தாய்.

(இந்த இடத்தில் அவள் கண்ணில் நீர் தளும்பியதாக ஒரு வரி எழுதினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து தலைகீழாகப் படித்த ஜீவமணி, “அவளுக்கு அழுக நேரம் ஏது? கட்டுச்சோறு கட்ட விடியக்காலம் மூணு மணிக்கே எந்திரிச்சவ” என்றாள். வரியை எடுத்துவிட்டேன்.)

அவர் தெரு திரும்பியதும் சீனித்தாய் உள்ளே வந்து வாரியலை எடுத்துக் கதவுக்குப் பின்னால் தலைகீழாகச் சாத்தினாள். வீட்டையொட்டித்தான் இலை காயப்போடுகிற களம். கச்சான் களத்தில் புகுந்து கையளவு இலையை அள்ளும், முற்றம் வழியாக வந்து கூடத்தில் போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விடும். திங்கட்கிழமை கூடத்தில் இலை தூவியிருந்தது. செவ்வாய்க்கிழமை மூலைகளில் குவியத் தொடங்கியது. புதன்கிழமை யார் நடந்தாலும் அப்பளம் நொறுக்குகிற சத்தம் கேட்டது. சீனித்தாய் அதன்மேலேயே நடந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் உடன்குடியிலிருந்து கடிதம் வந்தது. கருப்பட்டி வியாபாரக் குடும்பம். அவர்கள் வீட்டுப் பிள்ளை ஆவுடையப்பன் கொழும்பில் கடை வைத்திருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை கப்பலேறுகிறான், திரும்பிவர ஒரு வருடமாகும். அதனால் வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு வந்து பெண்ணைப் பார்த்துவிடுகிறோம், பெரியவர் ஊரில் இல்லாவிட்டாலும் பாதகமில்லை, பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள்.

பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணுக்கு முன்னால் பார்ப்பது தரையை. இது எல்லாருக்கும் தெரியும்.

4

இனி பகவதி. அய்யாக்குட்டிக்கும் சீனித்தாய்க்கும் ஒரே மகள், வயது பத்தொன்பது. இவளிடம்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் இவளைக் கதவுக்குப் பின்னால் நின்று கால் கட்டைவிரலால் தரையில் கோடு போடுகிறவளாக எழுதினேன். தரைதான் தெரியவில்லையே. அடித்துவிட்டேன். பிறகு, எனக்குக் கல்யாணமே வேண்டாம், மேலே படிக்கப்போகிறேன் என்று சொல்லுகிறவளாக எழுதினேன். படித்துப் பார்த்தபோது எனக்கே புல்லரித்தது.

“அவளுக்கு அந்தப் பையனைப் பிடிச்சிருக்கு” என்றாள் ஜீவமணி. “திருச்செந்தூர்ல, மாசித் திருவிழாவுல, தேர் வடத்துக்குப் பக்கத்துல வச்சுப் பாத்திருப்பா. அதை எழுதுததுக்கு உங்களுக்கு என்ன கஷ்டம்?”

கஷ்டம் ஒன்றுமில்லை. அப்படி எழுதிய உடனே பகவதி கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள், இடுப்பில் கை வைத்தாள், அம்மாவிடம் கேட்டாள்:

“யம்மா, பம்பாய்ல இருந்து லண்டனுக்கு எத்தனை மைலு?”

“எனக்கென்னளா தெரியும்.”

“அது தெரிஞ்சா எத்தனை மணிக்கு அப்பா சேருவாவன்னு தெரிஞ்சிரும்லா. சேந்தாச்சுன்னா பெருக்கலாம்லா.”

சீனித்தாய் யோசித்தாள். தந்தி வந்தால்தான் என்று சொல்ல வாயெடுத்தவள், மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, வன்னியபெருமாள் தம்பிட்ட கேப்போம். அவிய சொன்னா சரியா இருக்கும்” என்றாள்.

5

வன்னியபெருமாள் ஒரு கப்பல் ஏஜென்ஸியில் இருபத்திரண்டு வருடமாக குமாஸ்தா. அய்யாக்குட்டியின் இலை மூட்டைகளைக் கப்பலேற்றி ஏற்றி நண்பரானவர். எந்தக் கப்பல் எந்த நாள் வரும் என்று ஊரில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் இவரிடம்தான் வருவார்கள்.

வியாழக்கிழமை மதியம் வந்தார். இலையை நொறுக்கிக்கொண்டு கூடத்துக்குள் நடந்து பெஞ்சில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

“மைனி, பம்பாய் டு லண்டன் ஆறாயிரத்து இருநூத்தி அறுவது மைலு. எங்க ஆபீஸ் புஸ்தகத்துல அச்சடிச்சிருக்கு.”

“சித்தப்பா, அது கப்பல் போற வழில்லா” என்றாள் பகவதி. “பிளேனு நேராப் போவும். நான் இப்பத்தான் அளந்துட்டு வாரேன்.”

அவள் அளந்தது உண்மை. எதிர்த்தெருப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பாடம் எடுத்த டீச்சர் இருந்தார். அவர் அறையில் ஓர் உலக உருண்டை இருந்தது. பகவதி பூக்கட்டுகிற வாழைநாரை எடுத்துக்கொண்டு போய், முதலில் உருண்டையின் நடுவயிற்றைச் சுற்றி அளந்தாள். அது இருபத்தையாயிரம் மைல் என்று அவள் படித்திருந்தாள். அடுத்து பம்பாயில் நாரை வைத்து லண்டன் வரைக்கும் இழுத்தாள். நாரை மடித்து மடித்துப் பார்த்ததில் நாலாயிரத்து ஐந்நூறு வந்தது.

“மணிக்கு முந்நூறு மைலுன்னா பதினஞ்சு மணி நேரம். நடுவுல எண்ணெய் போட ரெண்டு ஊர்ல இறங்குதாவ, அதுக்கு ஒரு அஞ்சு மணி நேரம். நாளைக்குக் காலையில நாலு மணிக்கெல்லாம் அப்பா லண்டன்ல இருப்பாவ.”

வன்னியபெருமாள் அவளைப் பரிவோடு பார்த்தார்.

“ஏளா பகவதி, வாழைநாரு காஞ்சா சுருங்கும். அச்சடிச்சது சுருங்குமா? சரி, உன் கணக்கையும் விட்டுருவோம், என் கணக்கையும் விட்டுருவோம். போற நேரமா பெருசு? போய்ச் சேந்த பொறவுதான கூத்தே இருக்கு.”

“என்ன தம்பி கூத்து?” என்றாள் சீனித்தாய்.

“ஆறாயிரத்துச் சொச்சம் மைலு, இருவத்தோரு மணி நேரம். சூயஸ் பக்கத்துல எப்பவும் வரிசை நிக்கும். அதுக்கு ஒரு பன்னெண்டு மணி நேரம் வைங்க. லண்டன் வந்தாச்சுன்னு வைங்க. வந்ததும் இறங்கிர முடியுமா? வெளியதான நிப்பாட்டுவான். டாக்டரு போய் ஏறணும், எல்லாருக்கும் நாக்கை நீட்டச் சொல்லிப் பாக்கணும். பொறவு லாஞ்சு போவணும். ஆளை இறக்கிக் கரைக்குக் கொண்டாரணும். அதுக்கு ஒரு பன்னெண்டு. ஆக நாப்பத்தஞ்சு மணி நேரம். சனிக்கிழமை விடியக்காலம் அஞ்சு மணிக்கு நீங்க வாரியலை எடுக்கலாம்.”

இங்கே ஒரு சின்ன விளக்கம்.* 

* அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பெரிய கப்பல் எதுவும் கரைக்கு வராது. கடல் ஆழமில்லை. ஐந்தாறு மைல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும், ஆளும் மூட்டையும் லாஞ்சிலும் தோணியிலும்தான் கரைக்கு வரும். ஆகவே தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு ‘வந்துவிட்டது’ என்றால் வெளியே நிற்கிறது என்றுதான் அர்த்தம். (அடுத்து இங்கே “ஆகாயத்தில் நங்கூரம் போடுகிற அறிவாளி” என்று வன்னியபெருமாளைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். பின்னால் எடுத்துவிட்டேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.)

“பிளேனுக்கு எதுக்கு சித்தப்பா லாஞ்சு? அது தரையில இறங்கும்” என்றாள் பகவதி.

“அம்புட்டுப் பெருசு கரைக்கு எப்படிளா வரும்? சின்ன வத்தைப் படகே சிலநேரம் தரை தட்டுது.”

பகவதி அம்மாவைப் பார்த்தாள். சீனித்தாய் தலையாட்டிக்கொண்டிருந்தாள். வாழைநாருக்கும் அச்சடித்த புத்தகத்துக்கும் நடந்த வழக்கில் யார் ஜெயித்தார்கள் என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது.

“எதிர்க்காத்துன்னா இன்னும் ஒரு நாலு மணி நேரம் சேத்துக்கிடுங்க மைனி” என்று சொல்லிவிட்டு, வந்த வழியே இலையை நொறுக்கிக்கொண்டு போனார்.

6

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. சீனித்தாய் பின்கட்டில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். பகவதி கூடத்தில் தனியாக நின்றாள். மூலையில் இலை கணுக்கால் உயரம் கிடந்தது. மாலை நாலு மணிக்கு ஆவுடையப்பனின் அம்மா அதன்மேல் நடந்து வரப்போகிறாள்.

தன் வாழைநார்மேல் பகவதிக்கு முழு நம்பிக்கை. அப்பா லண்டனில் இறங்கி ஆறு மணி நேரம் ஆகிவிட்டது. இந்நேரம் சூடாக ஏதாவது குடித்துக்கொண்டிருப்பார். அவள் கதவுக்குப் பின்னாலிருந்து வாரியலை எடுத்தாள். முழுக்கப் பெருக்கினால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். வருகிறவர்களுக்குப் பாய் விரிக்க வேண்டிய இடத்தை மட்டும் ஒரு சதுரம் பெருக்கினாள். இலையை வெளியே கொட்டாமல் மூலையிலேயே ஒதுக்கினாள். சதுரத்தின் மேல் பாயை விரித்து மூடிவிட்டு, வாரியலைப் பழையபடி சாத்தினாள்.

(“நல்ல வேலை செஞ்சா” என்றேன் ஜீவமணியிடம். அவள் கைபேசியைத் தன் பக்கம் திருப்பி விமானம் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். கருங்கடலின் மேல் இருந்தது.)

மூன்றரை மணிக்குத் தந்திச் சேவகர் சைக்கிளை வாசலில் நிறுத்தினார்.

இப்போது படிக்கிறவர்களுக்கு இது புரியாமல் போகலாம். அப்போதெல்லாம் தந்தி வந்தால் தெருவே வாசலுக்கு வந்துவிடும். நல்ல செய்தியைக் கார்டில் எழுதுவார்கள். தந்தி என்பது சாவுக்குத்தான். அய்யாக்குட்டி தந்தி அடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனது உண்மைதான். ஆனால் அந்த உறையைக் கையில் வாங்கியபோது சீனித்தாய்க்கு அது நினைவில்லை.

“குடும்மா, நான் வாசிக்கேன்” என்றாள் பகவதி. அவளுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும்.

“தொடாத.”

“அப்பா சேந்துட்டாவன்னு இருக்கும். நான் நேத்தே சொன்னேன்லா. பிரிச்சுப் பாத்துட்டு வீட்டைப் பெருக்கிரலாம். இன்னும் அரைமணி நேரம் இருக்கு.”

“அவிய சனிக்கிழமைதான சேரணும். இது ஏன் வெள்ளிக்கிழமையே வருது?”

பகவதி வாயைத் திறந்தாள். வன்னியபெருமாள் சித்தப்பாவின் லாஞ்சைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லப் போனாள். ஆனால் அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். உறையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“உன் பெரிய மாமா இருந்தாவல்லா, சிவசுப்பிரமணியன்.”

“தோணியில போனவியளா?”

“கொழும்புக்குப் போனாவ. எனக்குப் பதினோரு வயசு. வீட்டுல யாரும் பெருக்கக் கூடாதுன்னு எங்க அம்மை சொல்லிட்டா. எனக்குப் பாண்டி விளையாடணும். வாசல் முத்தம் எல்லாம் ஒரே சருகு. கட்டம் போடணும்லா. அந்தக் கட்டம் போடுத அளவுக்கு, இம்புட்டுப் போல, ஒரே ஒரு சதுரம் பெருக்கினேன். அம்மைக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. உங்க அப்பாட்டகூட நான் சொன்னதில்ல.”

தோணி கொழும்புக்குப் போய்ச் சேரவே இல்லை என்பது பகவதிக்குத் தெரியும். குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. அந்தச் சதுரத்தைப் பற்றித்தான் இப்போது முதல்முறையாகக் கேள்விப்படுகிறாள்.

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு எனக்கும் தெரியும்ளா” என்றாள் சீனித்தாய். “தெரிஞ்சு என்ன செய்ய?”

7

இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். சிரிக்கவைக்கிற கதை எழுத உட்கார்ந்தவன் நான். இந்தச் சீனித்தாய் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறாள் என்று ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான். அவள் முப்பது வருடமாக மறைத்து வைத்ததை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டாள். இனி அந்தத் தந்தியை நான் எப்படிப் பிரிப்பது?

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. தந்தியை யாரும் பிரிப்பதற்குள் உடன்குடிக்காரர்கள் வந்துவிடுகிறார்கள். காப்பி கொடுக்கிறார்கள். கச்சான் வீசுகிறது. ஒவ்வொரு டம்ளரிலும் ஒரு நிலாவரை இலை விழுகிறது. மாப்பிள்ளை வீட்டார் உடன்குடி போய்ச் சேருவதற்குள் — (ஜீவமணி படித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பரணில் கிடக்கிற வாரியலைப் பார்த்தாள். அடித்துவிட்டேன்.)

இரண்டாம் முடிவு. தந்தி பம்பாயிலிருந்து வந்திருக்கிறது. விமானம் இரண்டு நாள் தாமதம், இனிமேல்தான் கிளம்பும், கவலை வேண்டாம் என்று இருக்கிறது. பாடுபட்டுப் பெருக்காமல் இருந்தது முழுக்க, பம்பாய் ஓட்டலில் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதருக்காக. இது எனக்குப் பிடித்திருந்தது. “அப்ப மறுபடியும் முதல்லேருந்தா? அவ தாங்க மாட்டா” என்றாள் ஜீவமணி.

மூன்றாவது முடிவு எது என்று உங்களுக்குத் தெரியும். அதை நான் எழுத மாட்டேன். மகள் ஆகாயத்தில் இருக்கும்போது எந்தத் தகப்பனும் எழுத மாட்டான். அதற்குப் பயம் என்று பெயர் வைத்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

8

நான் இப்படித் தயங்கிக்கொண்டிருந்த நேரத்தில் பகவதி தயங்கவில்லை. வெளுத்த முகத்தோடு போய்ப் பாயைச் சுருட்டினாள். அடியில் பளிச்சென்று ஒரு சதுரம் தரை தெரிந்தது.

சீனித்தாய் அதைப் பார்த்தாள். வாரியலைப் பார்த்தாள். திட்டியிருந்தால் பகவதிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பகவதி மூலைக்குப் போய் மண்டியிட்டாள். பட்டுச்சேலை, தலைநிறையப் பூ, கையில் புது வளையல். இரண்டு கையாலும் இலையை அள்ளிக்கொண்டு வந்து சதுரத்தின்மேல் தூவினாள். மறுபடி போனாள், மறுபடி அள்ளினாள். கண்ணீர் மூக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. புறங்கையால் துடைத்ததில் கன்னத்தில் இலைத்தூள் அப்பியது. பெருக்கியதைப் பெருக்காததாக ஆக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

வாசலில் கார் வந்து நின்றது அவளுக்குக் கேட்கவில்லை. ஆவுடையப்பனின் அம்மா முத்துக்கனி செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படியில் காலை வைத்து உள்ளே பார்த்தபோது, வருங்கால மருமகள் நடுக்கூடத்தில் மண்டியிட்டு, அலங்காரத்தோடு, கவனமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்தாள்.

பகவதி நிமிர்ந்தாள். கையில் இருந்த இலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே பிடித்திருந்தாள்.

முத்துக்கனி கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். மூலைகள், நொறுங்கிய இலையில் கால்தடங்கள், கதவுக்குப் பின்னால் தலைகீழாக நிற்கிற வாரியல்.

“எத்தனை நாளாச்சு மைனி?” என்று கேட்டாள்.

“ஆறு நாளு” என்றாள் சீனித்தாய்.

“எங்க போயிருக்காவ?”

“லண்டனுக்கு. பிளேன்ல.”

“சேந்தாச்சா?”

சீனித்தாய் மடியிலிருந்த உறையை எடுத்துக் காட்டினாள். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. முத்துக்கனி அதைப் பார்த்த மாத்திரத்தில் வாயில் கை வைத்தாள். மகன் கொழும்புக்கும் உடன்குடிக்குமாக எட்டு வருடமாகப் போய் வருகிறான். போகும்போதெல்லாம் அவள் வீட்டிலும் குப்பை சேரும்.

அவள் திரும்பி, “ஏலே, நீங்க எல்லாரும் காருலயே இருங்க” என்றாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள். பகவதியின் பக்கத்தில் குனிந்து தரையை உற்றுப் பார்த்தாள்.

“இங்கன இன்னும் கொஞ்சம் தரை தெரியுது, தாயி” என்றாள். மூலையிலிருந்து ஒரு கை இலையை அள்ளி வந்து அந்த இடத்தில் தூவினாள். பிறகு அந்த இலையின் மேலேயே உட்கார்ந்தாள்.

9

என் கைபேசியில் ‘தரையிறங்கியது’ என்று வந்துவிட்டது. பதினொரு மணி நேரம், பன்னிரண்டு நிமிடம்.

“வாரியலை எடு” என்றேன்.

“அவ போன் பண்ணட்டும்.”

“அதான் இறங்கியாச்சே.”

“இறங்கினா ஆச்சா? வரிசையில நிக்கணும். பாஸ்போர்ட்டைப் பாக்கணும், எதுக்கு வந்தன்னு நாலு கேள்வி கேக்கணும். பெட்டி வரணும். அதுக்குப் பொறவு அந்தக் காலேஜ்காரன் வண்டி வரணும். அதெல்லாம் முடிஞ்சாத்தான் சேந்தது.”

நான் பேனாவைக் கீழே வைத்தேன். வெளியே நிப்பாட்டுவான். டாக்டர் ஏற வேண்டும். லாஞ்சு போக வேண்டும். ஐந்தாம் பகுதிக்குத் திரும்பிப் போய், வன்னியபெருமாளைக் கேலி செய்த அந்த வாக்கியத்தை அப்போதுதான் எடுத்தேன். மைலில் அவர் தவறு. மற்றதில் அவர் சொன்னது சரி. தூரத்தை வாழைநாராலும் அளந்துவிடலாம். போய்ச் சேருவதை அளக்கிற புத்தகம் எந்த ஆபீஸிலும் இல்லை.

தரையிறங்கி ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. ஜீவமணி பரணிலிருந்து வாரியலை இறக்கிக்கொண்டு வந்தாள். பெருக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். கைபேசி மேசையின் நடுவில் இருக்கிறது. இரண்டு பேருமே அதைப் பார்க்காத மாதிரி இருக்கிறோம்.

அங்கே, 1949இல், மூன்று பெண்கள் இலைமேல் உட்கார்ந்திருக்கிறார்கள். காரில் ஆவுடையப்பனுக்கு வியர்க்கிறது. சீனித்தாய் உறையை நீட்டுகிறாள். முத்துக்கனிக்கு இங்கிலீஷ் தெரியாது. பகவதிக்குத் தெரியும், ஆனால் கையில் பிடித்த இலையை அவள் இன்னும் கீழே போடவில்லை. நான் பிரிக்க மாட்டேன், ஏன் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

மீதி இருப்பது நீங்கள் ஒருவர்தான். உள்ளே வாருங்கள். செருப்பை வெளியே கழற்றிவிடுங்கள், தரையில் கொஞ்சம் குப்பை கிடக்கும், பரவாயில்லை. தந்தியை வாங்கி நீங்களே பிரித்துப் படியுங்கள். படித்ததை முழுதாகச் சொல்ல வேண்டாம். வாரியலை எடுக்கலாமா என்று மட்டும் சொல்லுங்கள்.

அவசரமில்லை. எங்களுக்கும் இன்னும் போன் வரவில்லை.